என்னைப் போட்டுக் கொடுத்த ரிலே!

வைவாவுல பல்பு வாங்காத இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் யாராவது இருக்கீங்களா? இருந்தா கையைத் தூக்குங்க, ஒரு கும்பிடு போட்டுக்கறேன். நான் வாங்கினது 1000 வாட்ஸ் பல்பு. 'ரிலேன்னா என்னப்பா?'ன்னு எக்ஸ்டர்னல் கேட்டார். 'கரன்ட் அதிகமானா கட் பண்ணும் சார்'னு கெத்தா சொன்னேன். 'கட் பண்றது பிரேக்கர். அப்ப ரிலே எதுக்கு?' அவ்வளவுதான்... லேப் சீலிங்ல எத்தனை ஃபேன் இருக்குன்னு எண்ண ஆரம்பிச்சுட்டேன்.

அந்தக் கேள்விக்கு முழு பதில் எனக்கு ஒரகடத்துலதான் கிடைச்சுது. அதுவும் நானே ஒரு தப்பு பண்ணி, கையும் களவுமா மாட்டினதுக்கு அப்புறம்!

தாம்பரத்துல பஸ் ஏறி, முடிச்சூர், படப்பை தாண்டினா வாலாஜாபாத் ரோட்டுல வரும் ஒரகடம். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ரெண்டு பக்கமும் கம்பெனி, கம்பெனி, கம்பெனி. 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பிச்சதுக்குப் பிறகு இந்த ஏரியாவே தலைகீழா மாறிப்போச்சு. பெரிய கார் கம்பெனிகளுக்குப் பின்னாடி, அவங்களுக்கு நட்டு, போல்ட்டு, பிளாஸ்டிக், சீட்டு சப்ளை பண்ற சின்னக் கம்பெனிகள் வரிசையா வந்துச்சு. அப்படி ஒரு உதிரிபாகக் கம்பெனியிலதான் எனக்கு ஒரு மாச இன்டர்ன்ஷிப். பேர் வேணாமே, ப்ளீஸ்!

முதல் வாரம் எனக்குக் கொடுத்த வேலை... சும்மா இருக்கறது. கேன்டீன்ல சாம்பார் சாதம் சூப்பர்னு மட்டும் கண்டுபிடிச்சேன். ரெண்டாவது வாரம் மெயின்டனன்ஸ்ல தூக்கிப் போட்டாங்க. அங்கே ஒரு எலெக்ட்ரீஷியன் அண்ணன். ஐ.டி.ஐ. முடிச்சவர், கான்ட்ராக்ட் ஆளு. 'தம்பி, என்ன படிக்கிற?' 'இ.இ.இ. மூணாவது வருஷம்ணே.' 'சி.டி.யோட செகண்டரியை ஏன் ஓப்பன்ல விடக்கூடாது, சொல்லு?' புக்ல இருக்கற அஞ்சு மார்க் பதிலைக் கடகடன்னு ஒப்பிச்சேன். பிரைமரியில கரன்ட் ஓடிட்டு இருக்கும்போது செகண்டரி கழண்டா, அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பும், சி.டி. வெடிக்கக்கூடச் செய்யும்னு. 'பரவாயில்லையே'ன்னு தோள்ல தட்டினார். அன்னையில இருந்து நாங்க தோஸ்த்து.

கதைக்குப் போறதுக்கு முன்னாடி, என்னை மாதிரி வைவாவுல முழிச்சவங்களுக்காக ஒரு நிமிஷம். மத்தவங்க அடுத்த பாராவுக்குத் தாவிடுங்க! லைன்ல ஓடுறது நூத்துக்கணக்கான ஆம்பியர். அதை சி.டி. 1 ஆம்பியர், 5 ஆம்பியர் அளவுக்குக் குறைச்சு ரிலேகிட்ட காட்டும். ரிலே அதைப் பார்த்து, 'இது நார்மலா, கோளாறா?'ன்னு முடிவு பண்ணி, பிரேக்கரோட ட்ரிப் காயிலுக்கு ஒரு தகவல் சொல்லும். லைனை உடைக்கறது பிரேக்கர். ட்ரிப் காயிலுக்குச் சக்தி கொடுக்கறது மூலையில இருக்கற பேட்டரி பேங்க். அந்த பேட்டரி செத்துப்போச்சுன்னா, ரிலே தொண்டை கிழியக் கத்தினாலும் பிரேக்கர் அசையாது. அண்ணன் தினமும் காலையில டூட்டிக்கு வந்ததும் முதல்ல போய்ப் பார்க்கறது அந்த பேட்டரியைத்தான்.

இன்னொரு விஷயம். ரிலே எடுத்தேன் கவுத்தேன்னு ட்ரிப் பண்ணாது. எங்க காலேஜ் லேப்ல கண்ணாடி மூடி போட்ட ஒரு பழைய சி.டி.ஜி. ரிலே இருக்கு. உள்ளே ஒரு அலுமினியத் தட்டு, கரன்ட் கூடக் கூட வேகமா சுத்தும். இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனி தயாரிப்பு. அவங்க ரிலே ஃபேக்டரி எங்கே இருந்துச்சு தெரியுமா? நம்ம பல்லாவரத்துல! அப்புறம் அது ஜி.இ.சி., அல்ஸ்தோம், 2004-ல அரேவா, 2010-ல திரும்ப அல்ஸ்தோம், 2015-ல ஜி.இ.ன்னு நம்ம ஊரு தியேட்டர் மாதிரி பேர் மாத்திக்கிட்டே வந்துச்சு. அந்தத் தட்டு பண்ற வேலைக்குப் பேர் ஐ.டி.எம்.டி. கோளாறு பெருசுன்னா சீக்கிரம் ட்ரிப், சின்னதுன்னா நிதானமா ட்ரிப். ஸ்டாண்டர்டு கர்வ்ல, டைம் செட்டிங் 1-ல வெச்சா, செட்டிங்கைப் போல 10 மடங்கு கரன்ட்டுக்கு 3 செகண்ட். 2 மடங்குன்னா 10 செகண்ட். இந்த 10 செகண்டை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்ப கம்பெனிகள்ல இருக்கறது எல்லாம் நியூமெரிக்கல் ரிலே. தட்டு கிடையாது, சின்ன டிஸ்ப்ளேவும் நாலு பட்டனும்தான். ஆனா வேலை அதே வேலை.

எங்க கம்பெனிக்கு இ.பி.யில இருந்து 11 கே.வி. வருது. அதை 433 வோல்ட்டா மாத்த ஒரு 2000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர். அந்த ஃபீடர் பேனல்ல பி ஃபேஸ் சி.டி.யில ஒரு விரிசல். ஒரு ஞாயித்துக்கிழமை ஷட்டவுன் எடுத்து, சி.டி.யை மாத்தினாங்க. நான் டார்ச் பிடிக்கிற ஆள். அண்ணன் பேனலுக்குப் பின்பக்கம் தலையை உள்ளே விட்டபடி ரெண்டு வயரை வெளியே நீட்டி, 'தம்பி, நம்பர் படி'ன்னார்.

வயர் நுனியில மாட்டியிருக்கற சின்ன நம்பர் வளையத்துக்குப் பேர் ஃபெரூல். பி ஃபேஸ் வயர் சி-51, நியூட்ரல் வயர் சி-71. அன்னிக்கு என்னாச்சுன்னா, ஒரு வயர்ல ஃபெரூலே கழண்டு எங்கேயோ விழுந்திருந்துச்சு. இன்னொண்ணுல நடு நம்பர் தேஞ்சுபோய், அஞ்சா... ஏழான்னே தெரியல. வேர்வை, புழுக்கம், சாப்பாட்டு நேரம் வேற. ஒரு மார்க் கேள்விக்கு இங்கி பிங்கி பாங்கி போட்டு 'பி'ன்னு டிக் அடிப்போமே, அதே ஸ்டைல்ல, 'இது அம்பத்தொண்ணுண்ணே, அது எழுபத்தொண்ணு'ன்னு சொல்லிட்டேன். குரல்ல கொஞ்சம்கூட சந்தேகம் இல்ல. அண்ணன் நம்பி மாட்டிட்டார்.

சாயங்காலம் டெஸ்டிங். இன்ஜெக்‌ஷன் கிட்டை வெச்சு ரிலேவுக்குள்ள நேரா கரன்ட் விட்டுப் பார்த்தாங்க. சொன்ன நேரத்துக்கு சொன்ன மாதிரி ட்ரிப் ஆச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். சி.டி.யில இருந்து பார்க்கற பிரைமரி இன்ஜெக்‌ஷன் பண்ணியிருக்கணும். ஆனா மணி ஏழாயிடுச்சு, பஸ் கிளம்பிடும். 'காலையில லோடு வந்தா தெரிஞ்சுடப் போவுது'ன்னு ஒருத்தர் சொன்னார். தெரிஞ்சுது!

திங்கக்கிழமை காலை ஆறு மணி. ஏ ஷிஃப்ட். 250 கிலோவாட் கம்ப்ரஸரை ஸ்டார்ட் பண்ணினாங்க. அது வேகம் பிடிச்சு லோடு ஏறுற நேரம்... 'டம்!' மொத்த ஃபேக்டரியும் இருட்டு. ஹூட்டர் அலறுது. ரிலே டிஸ்ப்ளேயில 'எர்த் ஃபால்ட்.' ரீசெட் பண்ணி மறுபடி ஸ்டார்ட். மறுபடி 'டம்!' கம்ப்ரஸர் மோட்டார்லதான் கோளாறுன்னு மெக்கர் போட்டுப் பார்த்தாங்க. தங்கமா இருக்கு. ரெண்டாவது கம்ப்ரஸரைப் போட்டாங்க. அதுக்கும் 'டம்!'

இதுக்குள்ள டி.ஜி. செட் ஓட ஆரம்பிச்சு, டீசலைக் காலி பண்ணிட்டு இருந்துச்சு. ப்ரொடக்‌ஷன் மேனேஜர் வந்தார். 'மோட்டார் நல்லா இருக்கு, கேபிள் நல்லா இருக்கு. ரிலேதான் கிறுக்குப் பிடிச்சு ஆடுது. செட்டிங் என்ன? இருபது பர்சன்ட்டா? நாப்பதாக்கிட்டு லைனை ஓட்டுங்க.' அவரைத் தப்பு சொல்ல முடியாது. பார்ட்ஸ் போகலைன்னா, அந்தப் பக்கம் கார் லைன் நின்னுடும். மணிக்கணக்கு பார்த்து ஃபைன் போடுவாங்க.

ரிலே தப்பே பண்ணாதான்னு நீங்க கேட்கலாம். கிறுக்குப் பிடிக்காது, ஆனா ஏமாந்துபோகும். 2012 ஜூலை 30 ராத்திரி 2 மணி 33 நிமிஷத்துக்கு வட இந்தியா மொத்தமும் இருட்டாச்சே... மறுநாள் மதியம் 1 மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்குன்னு மூணு கிரிடும் சேர்ந்து விழுந்து, அறுபது கோடிப் பேர் வாழற பகுதிக்குக் கரன்ட் போச்சே... அதுக்கு ஆரம்பப் புள்ளி மத்தியப் பிரதேசத்துல பினா – குவாலியர் 400 கே.வி. லைன். அந்த லைன்ல எந்தக் கோளாறும் இல்ல. டிஸ்டன்ஸ் ரிலே வோல்டேஜைக் கரன்ட்டால வகுத்து, கோளாறு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கணக்கு போடும். அன்னிக்கு அளவுக்கு மீறின லோடு, வோல்டேஜும் குறைவு. வகுத்து வந்த நம்பர் சின்னதாயிடுச்சு. தூரத்துல எங்கேயோ கோளாறுன்னு நினைச்சு ரிலே லைனை எடுத்துடுச்சு. ரெண்டு நாளும் அதே லைன். நாம தப்பிச்சதுக்குக் காரணம், அப்ப தென்னிந்திய கிரிட் மத்ததோட ஏ.சி. லைன்ல சேரல. 2013 டிசம்பர் 31-ல, ராய்ச்சூர் – சோலாப்பூர் லைன் வழியாத்தான் சேர்ந்துச்சு.

ஆனா அங்கேயும் ரிலே தன்கிட்ட சொன்னதைத்தான் செஞ்சுது. 1965 நவம்பர் 9-ல அமெரிக்காவோட வடகிழக்குப் பகுதியிலயும் கனடாவுலயும் மூணு கோடிப் பேருக்குக் கரன்ட் போனதும் இப்படித்தான். நயாகரா பக்கத்துல ஒரு ரிலே. ரெண்டு வருஷம் முன்னாடி வெச்ச செட்டிங்கை, லோடு கூடினப்புறமும் யாரும் மாத்தல. அதனால செட்டிங்கை ஏத்தவே கூடாதுன்னு இல்லீங்க. ஏன் ட்ரிப் ஆச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு ஏத்தணும். தெரியாம ஏத்திட்டு, நாளைக்கு ஜே.சி.பி. காரர் நிஜமாவே நம்ம 11 கே.வி. கேபிளைக் கொத்தினா? நம்ம ரிலே கம்முனு இருக்கும், இ.பி. ரிலே ட்ரிப் ஆகும். நம்மளோட சேர்ந்து அக்கம்பக்கத்துக் கம்பெனிகளும் இருட்டாகும். கேபிளுக்குப் பக்கத்துல நின்ன ஆளோட கதி? அதை நான் எழுத வேண்டியதில்ல.

திங்கக்கிழமைக்கு வருவோம். இன்ஜினீயர் சார் ரிலே முன்னாடி நின்னு யோசிச்சுட்டு இருந்தார். எனக்கு ஒரு டவுட். கேட்கலாமா, வேணாமா? கேட்டுட்டேன்.

'சார், டிரான்ஸ்ஃபார்மர் டெல்டா – ஸ்டார்தானே? கம்ப்ரஸர் எல்.டி. பக்கம் இருக்கு. அங்கே எர்த் ஃபால்ட் ஆனாலும் எச்.டி. பக்கத்து எர்த் ஃபால்ட் ரிலேவால அதைப் பார்க்க முடியாதே? டெல்டா வைண்டிங் தாண்டி ஜீரோ சீக்வன்ஸ் வராதுன்னு...'

சார் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாழ்க்கையிலேயே முதல்முறையா பவர் சிஸ்டம் பேப்பர் எனக்கு உதவி செஞ்சுது! அப்போ காலையில இருந்து கம்ப்ரஸரை நோண்டினது வேஸ்ட். கம்ப்ரஸர் பண்ணினது ஒண்ணே ஒண்ணு... லோடை ஏத்தினது.

ப்ரொடக்‌ஷன் லோடை எல்லாம் டி.ஜி.யில விட்டுட்டு, லைட், ஏ.சி. லோடை மட்டும் இ.பி.யில போட்டோம். நின்னுச்சு. சார் டிஸ்ப்ளேயைத் தட்டித் தட்டிப் படிச்சார். ஆர் ஃபேஸ் 10 ஆம்பியர். ஒய் 10. பி 10. நியூட்ரல்... 20.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மூணு ஃபேஸும் சமம்னா, கூட்டினா ஜீரோ வரணும். நிஜமான எர்த் ஃபால்ட்டுன்னா, ஏதாவது ஒரு ஃபேஸ் தனியா எகிறி நிக்கணும். இங்கே மூணும் சமம், ஆனா நியூட்ரல் கரெக்டா டபுள். அப்படி வர ஒரே வழி, மூணுல ஒரு சி.டி. தலைகீழா இருக்கறதுதான். ஆர் பிளஸ் ஒய், மைனஸ் பி! எங்க சி.டி. 150-க்கு 1. இருபது பர்சன்ட்டுன்னா 30 ஆம்பியர். ராத்திரி 10 ஆம்பியர் லோடுல நியூட்ரல் 20 காட்டும், ட்ரிப் ஆகாது. கம்ப்ரஸர் சேர்ந்து லோடு 25 ஆனதும் நியூட்ரல் 50, ஒன்றரை செகண்ட்ல 'டம்!' மேனேஜர் சொன்ன மாதிரி நாப்பது பர்சன்ட் வெச்சிருந்தா கம்ப்ரஸர் ஓடியிருக்கும். அடுத்து மெஷின்களைப் போட்டிருந்தா, 30 ஆம்பியர் தாண்டினதும் மறுபடி 'டம்!' அப்புறம் எண்பதுன்னு ஏத்தி, கடைசியில எர்த் ஃபால்ட்டையே ஆஃப் பண்ணியிருப்பாங்க.

இந்தக் கணக்கு எனக்குப் புரிஞ்ச அதே செகண்ட், வயித்துக்குள்ள ஐஸ் கட்டி விழுந்த மாதிரி இருந்துச்சு. நேத்து எந்த சி.டி.யை மாத்தினாங்க? பி. அதுக்கு நம்பர் படிச்சது?

'நேத்து சி.டி.யைக் கனெக்ட் பண்ணது யாரு?'ன்னார் மேனேஜர்.

'நான்தான் சார்'னார் அண்ணன். வேற ஒரு வார்த்தை இல்ல. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நான் சும்மா நின்னேன். அவர் கான்ட்ராக்ட் ஆளு, ஒரு போன் போதும், நாளைக்கு கேட்ல நிறுத்திடுவாங்க. வீட்டுல ரெண்டு பசங்க. எனக்கு என்ன ஆகும்? மிஞ்சிப்போனா சர்ட்டிஃபிகேட் வராது. அது தெரிஞ்சும் வாய் திறக்கல. ஒரு 10 செகண்ட் இருக்கும். டைம் செட்டிங் 1-ல, ரெண்டு மடங்கு கரன்ட்டுக்கு அந்த அலுமினியத் தட்டு எடுத்துக்கற அதே 10 செகண்ட். 'சார், நம்பர் படிச்சுச் சொன்னது நான். ஃபெரூல் தேஞ்சிருந்துச்சு... தெரியாமத்தான் சொன்னேன்'னு எப்படியோ வெளியே வந்துடுச்சு.

யாரும் எதுவும் பேசல. இன்ஜினீயர் சார் மட்டும், 'அதை அப்புறம் பேசிக்கலாம். பெர்மிட் போடு'ன்னார்.

பிரேக்கரை எடுத்து, எர்த் பண்ணி, பூட்டு போட்டு, சாவியை சார் பாக்கெட்ல போட்டுக்கிட்டார். அண்ணன் பையில இருந்து ஒரு 9 வோல்ட் பேட்டரியையும் பழைய முள் மீட்டரையும் எடுத்தார். லட்ச ரூபாய் டெஸ்ட் கிட் சும்மா நின்னு வேடிக்கை பார்க்குது! சி.டி. பிரைமரியில பேட்டரியைத் தொட்டு எடுத்தா, ரிலே பக்கம் இருக்கற மீட்டர்ல முள் ஒரு துள்ளு துள்ளும். ஆர் ஃபேஸ்... வலது பக்கம். ஒய்... வலது பக்கம். பி தொட்டார். முள் இடது பக்கம் துள்ளுச்சு. ரெண்டு நிமிஷ வேலைங்க. நேத்து சாயங்காலம் இதைப் பண்ணியிருந்தா, டீசலும் மிச்சம், மானமும் மிச்சம்.

வயரை மாத்தி, புது ஃபெரூல் போட்டு, லோடு எடுத்தோம். ஆர் 10, ஒய் 10, பி 10, நியூட்ரல் 0. கம்ப்ரஸர் ஓடுச்சு. மணி பதினொண்ணே கால்.

அண்ணனுக்கு மேனேஜர்கிட்ட செம திட்டு. வேலை போகல, அந்த வரைக்கும் நிம்மதி. எனக்கு ஒரு வார்த்தைகூட விழல, 'இன்டர்ன் பையன்தானே'ன்னு விட்டுட்டாங்க. அது இன்னமும் உறுத்துது. சாயங்காலம் டீக்கடையில 'ஸாரிண்ணே'ன்னேன். 'ஷாப் ஃப்ளோர்ல டார்ச் பிடிக்கறவனும் வேலை பார்க்கறவன்தான்டா. நானும் இழுத்துப் பார்த்து செக் பண்ணியிருக்கணும், பண்ணல'ன்னுட்டு, பஜ்ஜியைப் பிச்சு பாதியை என் பக்கம் தள்ளினார்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பக்கத்து பேனல். அண்ணன் உள்ளே தலையை விட்டு, ரெண்டு வயரை நீட்டினார். 'என்ன நம்பர்?'

டார்ச் அடிச்சுப் பார்த்தேன். வளையம் மொத்தமும் கருப்பா கிடக்குது.

'தெரியலண்ணே.'

'அப்ப போய் பஸ்ஸரை எடுத்துட்டு வா.'